எல்லாரும் வெள்ளை உடுத்தும் ஊர்

மலையாளச் சீமையில், தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கியதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. பார்த்த இடமெல்லாம் வெள்ளை. கிழவி, குமரி, இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், மார்போடு புஸ்தகத்தை அணைத்துக்கொண்டு நின்றவள், அத்தனை பேரும் வெள்ளை முண்டு, வெள்ளை மேல்முண்டு. அப்போது யுத்த காலம். இந்த ஊர் ஆண்பிள்ளைகள் மொத்தமாகப் பட்டாளத்துக்குப் போய் ஒரே நாளில் மடிந்துவிட்டார்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தி வெள்ளை உடுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பத்தொன்பது வயதில் எனக்கு உடுத்திவிட்டார்கள். தலை நரைத்து, தலையும் சேலையும் ஒரே நிறமான பிறகும் அதே வெள்ளைதான்.

என் தம்பி ஆறுமுகம் கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தான். ஊரில் எத்தனை பேர் நடுவில் நின்றாலும் அக்காவை அவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். இங்கே என் முன்னாலேயே இரண்டு தடவை போனான், வந்தான். மூன்றாவது தடவை நானே கையைப் பிடித்து இழுத்தேன்.

அவன் சாலைக் கடைத்தெருவில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அவன் மனைவி காந்திமதி நாஞ்சில் நாட்டுக்காரி. நாலு இடத்துக்குப் போய் வருகிறவள். பக்கத்தில் வஞ்சியூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து தையல் வகுப்பு ஒன்று வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள், புருஷனுக்கு மாற்றல் வந்ததால் போய்விட்டாள். மிஷின் சும்மா கிடந்தது. "எங்க மைனி இருக்கா, ஊருக்கே ரவிக்கை தைக்கிறவளாக்கும்" என்று காந்திமதி சொல்லி வைத்துவிட்டாள்.

தைப்பேன், அது பொய்யில்லை. என் வீட்டுக்காரர் போனதும், மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று அப்பா என்னைப் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வேதக்கார அம்மாமாரிடம் தையல் படிக்க அனுப்பினார். எங்கள் தெருவில் எனக்குத் தெரியாத தோள் அளவு கிடையாது. ஆனால் நான் ரவிக்கை போடுகிறதில்லை. எங்கள் சைவ வீடுகளில் என்னைப் போன்றவர்கள் போடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான். நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். "அக்கா, எல்லாரும் பெண்கள். நீ பேசுவது அவர்களுக்குப் புரியவும் புரியாது. பிறகு எதற்குப் பயம்?" என்று தம்பி எழுதியிருந்தான். அந்த நியாயம் எனக்குப் பிடித்தது. ஆடி மாதம் கிளம்பிவிட்டேன்.

ஆடி என்றால் எங்களுக்குக் காற்று. இவர்களுக்கு மழை. சொட்டு விடாமல் பெய்கிறது. பெய்கிறதே என்று ஒருவரும் வீட்டில் இருப்பதில்லை. ஓலைக்குடை பிடித்துக்கொண்டு பெண்கள் தனியாகப் போகிறார்கள், துணைக்கு ஓர் ஆள் கிடையாது. காலேஜுக்குப் போகிற பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். வெற்றிலைக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். வெற்றிலை வாங்க வந்த ஆண்பிள்ளை அவள் பத்தியை முடிக்கட்டும் என்று மழையில் காத்து நின்றான். நான் நின்று பார்த்தேன். காந்திமதி, "மைனி, வழியில நிக்காதீய, எல்லாரும் உங்களைப் பாக்கப் போறாவ" என்றாள். ஒருவரும் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் புதுமை.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். அரிசிக்குப் பஞ்சம். வீட்டுக்கு வீடு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான். காலையில் அவித்து, மத்தியானம் மசித்து, மிச்சத்தை மாவாக்கிப் புட்டு. தேங்காய் எண்ணெய் வாசனை எனக்கு முதல் இரண்டு நாள் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. அதற்குப் பிறகு ஊருக்கு வந்து நல்லெண்ணெய்தான் கொஞ்ச நாள் ஒட்டவில்லை.

வகுப்பு நடந்தது கார்த்தியாயினியம்மையின் வீட்டில். நாயர் வீடு. ஓட்டுக் கூரை தாழ இறங்கியிருக்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் முற்றத்தில் மழை நேராக வந்து விழும். அந்த வீடு கார்த்தியாயினியம்மைக்கு அவர்களுடைய அம்மாவிடமிருந்து வந்தது. அவர்களுக்குப் பிறகு மகள் பார்கவிக்குப் போகும். கூடப் பிறந்த அண்ணன் ஒருவர் இருந்தார்; பெரிய மீசை. அவர் தென்னை வெட்டுவதற்குத் தங்கையிடம் வந்து கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். "இப்பம் வேண்டா" என்றார்கள். மீசை பேசாமல் திரும்பிப் போய்விட்டது.

"வீட்டுக்காரரைக் காணவே காணோமே?" என்று காந்திமதியிடம் கேட்டேன். "இங்க அப்பிடியாக்கும் மைனி. மாப்பிள்ளை வருவாரு, போவாரு. வீடு அவளுக்க வீடு" என்றாள். கார்த்தியாயினியம்மை வீட்டுக்காரரைப் பற்றி அவளுக்கும் ஒன்றும் தெரியாது. நானும் அதோடு விட்டுவிட்டேன். வருகிறபோது வருவார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நான் குனிந்து உள்ளே நுழைந்ததும் பாயில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று, "சார் வந்நு" என்றார்கள். எனக்குப் பின்னால் எந்த ஆண்பிள்ளை வந்துவிட்டார் என்று பதறி ஒதுங்கினேன். ஒருவரும் இல்லை. அந்த ஊரில் சொல்லிக்கொடுப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் சார்தானாம். அன்றைக்குப் பார்கவி என் ஒதுங்கலை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கிவிட்டது.

ரவிக்கையை அவர்கள் றவுக்கை என்பார்கள். அவர்களுடையது முன்னால் முடிச்சுப் போடுவது. இளம்பெண்களுக்கு இப்போது கொக்கி வைத்து, கை உப்பலாக, பட்டணத்து மாதிரி வேண்டும். துணிக்குத் தட்டுப்பாடு என்பதால் முதலில் காகிதத்தில் வெட்டிப் பழக்கினேன். காகிதம் என்றால் பழைய பத்திரிகை. அங்கேதான் ஒரு சங்கடம். படிக்காத பத்திரிகையில் அவர்கள் கத்திரி வைக்கவிட மாட்டார்கள். ஒருத்தி உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், தர்க்கம் பண்ண வேண்டும், பிறகுதான் வெட்டலாம். யுத்தம் எங்கே நடக்கிறது, யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் இந்த வயதில் எனக்குத் தெரியவந்தது தோள்பட்டை வெட்டுகிற நேரத்தில்தான்.

வாய் ஓயாதவள் பார்கவி. ஒரு நாள், சாருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்கு முகம் சிறுத்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலுக்குப் பிறகு ஒரு 'ச்சூ' வரும். தலையைக் குனிந்தபடி, "நான் என் அப்பா வீட்டில் இருக்கிறேன். சிறு வயதிலேயே திரும்பி வந்துவிட்டேன்" என்றேன். 'ச்சூ' வரவில்லை. ஒரு கிழவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அதுதானே நல்லது. பெண்ணானவள் சொந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வாழ்நாள் முழுக்க எனக்குக் குறையாக இருந்தது இங்கே கௌரவமாக இருந்தது. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நடுப்பகலில் கஞ்சி. சிவந்த அரிசிக் கஞ்சி கிடைத்த அன்று திருவிழா. பலாவிலையைக் கரண்டியாக மடித்து, ஈர்க்குச்சி குத்தி, அதனால் கோரிக் குடிக்க வேண்டும். எனக்கு மடிக்க வராது. பார்கவி மடித்துத் தருவாள். தையல் சாருக்கு ஓர் இலையில் தையல் போடத் தெரியவில்லையே என்று கேலி பண்ணுவாள். அந்த வீட்டில் மீன் வாசனையே இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் மீன் சாப்பிடாதவள் என்று தெரிந்ததும் வகுப்பு நாட்களில் மீனை அடுப்பில் ஏற்ற வேண்டாம் என்று கார்த்தியாயினியம்மை சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்காரி வாயிலிருந்து தெரிந்தது.

கார்த்தியாயினியம்மையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் வயதுதான் இருக்கும். நிமிர்ந்த கழுத்து. நெற்றியில் சந்தனம். அந்தியில் குளித்து, ஈரத்தலை நுனியில் முடிச்சிட்டு, விளக்கேற்றிக்கொண்டு வருகிறபோது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தால் அவர்கள் கையால்தான் சந்தனம் வாங்கிப் போவார்கள். பார்த்தால் மகாலட்சுமி போல இருக்கும். அந்த நேரத்தில் நான் தூணோரம் போய்விடுவேன். பழக்கம்.

பார்கவிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் கல்யாணம் நம்முடையது போல இல்லை. மாப்பிள்ளை விளக்கின் முன்னால் பெண்ணுக்கு ஒரு புடவை கொடுப்பார். அவள் வாங்கிக்கொண்டால் கல்யாணம். அக்கினி கிடையாது, தாலி முடிச்சு கிடையாது. தம்பி வீட்டுக்குப் பக்கத்து வீட்டம்மாள் எங்கள் ஊர்க்காரி. அவளுக்கு இதில் பெரிய இளக்காரம். "துணியை நீட்டினா கல்யாணமாம், மடிச்சு வச்சுட்டா தீந்துதாம்" என்று தெருவே கேட்கச் சொல்லுவாள். வஞ்சியூருக்கும் அது கேட்டிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கல்யாண றவுக்கைக்கு ஒரு பட்டுத் துண்டு இருந்தது. சண்டை தொடங்குவதற்கு முன்னால் மீசைக்கார மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. சந்தன நிறம், கையில் பிடித்தால் நிற்காமல் நழுவும். ஒரு றவுக்கைக்குக் கணக்காக இருந்தது, ஒரு விரல் அதிகம் கிடையாது. கத்திரி ஓர் இழை தப்பினால் அவ்வளவுதான். அந்த நாளில் கடையில் பட்டும் இல்லை, பாப்ளினும் இல்லை. அதனால் வகுப்பில் எவரும் அதைத் தொடக் கூடாது, சார்தான் வெட்ட வேண்டும் என்று தீர்மானம். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து ரகசியமாக வைத்திருந்தார்கள்.

ஆடி கடைசி. அன்றைக்குப் போனால் முற்றத்தோரம் விளக்கு ஏற்றியிருக்கிறது. வாழையிலையில் பட்டுத் துண்டு, அதன்மேல் என் கத்திரி, பக்கத்தில் பூ. பார்கவி குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கார்த்தியாயினியம்மை இரண்டு கையாலும் கத்திரியை எடுத்து என்னிடம் நீட்டினார்கள்.

கல்யாணத் துணிக்கு முதல் வெட்டு சுமங்கலிதான் போட வேண்டும். எங்கள் தெருவில் எத்தனையோ கல்யாண ரவிக்கைகள் தைத்திருக்கிறேன்; ஒன்றிலாவது முதல் கத்திரி நான் வைத்ததில்லை. யாராவது மங்கலியம் உள்ளவள் ஓரத்தில் ஒரு நறுக்கு நறுக்கி, பிறகு கொல்லைப்புற வழியாக என்னிடம் வந்து சேரும். அந்தத் துணியின் மேல் என் நிழல் படாமல் இரண்டடி பின்னால் போய்விட்டேன். "நான் தொடமாட்டேன். தொடக் கூடாது" என்றேன். கத்திரியை அவர்கள் பக்கமே தள்ளி, "நீங்களே முதல் வெட்டுப் போடுங்கள்" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன்.

கார்த்தியாயினியம்மையின் முகம் கல்லாகிவிட்டது. கத்திரியை இலையில் வைத்தார்கள். பட்டை மடித்தார்கள். "இன்னு வகுப்பில்ல" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்கள். பார்கவி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வர வேண்டாம் என்று ஆள் வந்தது. அதற்கடுத்த நாளும் அழைப்பில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது என்று நினைத்தேன். இவள் தாலியறுத்தவள், இத்தனை நாள் நம் வீட்டில் விளக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், பிள்ளைத்தாய்ச்சிகள் நடுவில் நடமாடினாள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான் கோபம் என்று வெட்கத்தில் குன்றிப்போனேன். காந்திமதி போய்க் கேட்டுவருகிறேன் என்று புறப்பட்டாள். "வேண்டாம் பிள்ளை. கேட்டு இன்னும் கேவலப்படணுமா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வகுப்பு என்னால் நின்றது. அந்தப் பெண்ணின் கல்யாணத் துணி வெட்டப்படாமல் கிடக்கிறது. அது வேறு மனதை அறுத்தது. ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினேன்.

போகிறதற்கு முன்னால் பாலராமபுரம் போய்த் தறித் துணி பார்த்துவிட்டு வரலாம் என்று காந்திமதி வற்புறுத்தினாள். போனோம். திரும்புகிறபோது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், முன் பலகையில் கார்த்தியாயினியம்மை. மடியில் ஒரு துணிப்பொட்டலம், கல்யாணத்துக்கு வாங்கினது. அவர்களும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வெளியே பார்த்தார்கள். எனக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. குதித்தாலும் அடிபட்டிருக்காது. அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியை மூட்டி, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மாட்டு வண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின.

நேமம் தாண்டி ஒரு மேட்டில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் அடுப்பைக் கிண்டினார். "கால் மணிக்கூறு ஆகும், எல்லாரும் இறங்கிக் காத்து வாங்கலாம்" என்றார். "காத்து இங்க இருக்கு, வண்டி எங்க இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். காந்திமதிக்கு டிரைவரோடு சண்டை போட ஆசை, அங்கே போய்விட்டாள். மழை தூறியது. ஒரு புளிய மரம்தான் இருந்தது. ஒதுங்கினால் நாங்கள் இரண்டு பேரும் அதன் கீழேதான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினோம்.

அவர்களுக்குச் சாலைக் கடைகளில் பேசிப் பழகிய தமிழ் உண்டு. முகத்தைத் திருப்பாமல் பேசினார்கள்.

"சாரே, ஒண்ணு கேக்கட்டே? எங்க கல்யாணம் உங்க ஆளுகளுக்கு ஒரு கல்யாணமே இல்ல. அது எனக்குத் தெரியும். சாலைக் கடைக்குப் போனா என் காதிலேயே விழும். ஆனா சாரும் அப்பிடி நினைக்குமெண்ணு நான் கருதியில்ல. தாலி இல்லாத கல்யாணத்துத் துணி தொட்டா கை அழுக்காகுமோ?"

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் பதற்றத்தில் எனக்கு வார்த்தை கொட்டிவிட்டது.

"ஐயோ அம்மா, அப்படியில்லை. நான் அறுத்தவ. பத்தொன்பது வயசிலேயே அறுத்தவ. என் கைபட்டா அந்தப் பிள்ளைக்கு ஆகாதேன்னு பயந்தேன். நீங்க மஞ்சளும் குங்குமமுமா இருக்கிறவங்க, நீங்க முதல் வெட்டுப் போட்டா அவளுக்கு நல்லதுன்னுதான் கத்திரியை உங்க பக்கம் தள்ளினேன்."

அவர்கள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். என் வெள்ளைச் சேலையை, வெறுங்கழுத்தை, நெற்றித் திருநீற்றை. இத்தனை நாளும் அவர்கள் கண் முன்னால் இருந்தவைதான்.

"பார்கவிக்க அச்சன் மரிச்சது, அவ முட்டுக்குத்தித் தவழுற பிராயத்தில" என்றார்கள்.

புளிய மரத்திலிருந்து ஒரு பெரிய சொட்டு என் உச்சியில் விழுந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"அப்போ தினமும் விளக்கு ஏத்தறது... பிள்ளைத்தாய்ச்சிக்குச் சந்தனம் கொடுக்கறது..."

"என் வீட்டு விளக்கை நான் ஏத்தாம வேற யாரு ஏத்தும்?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பதில்தான். அந்த மரத்தடியில் அது வாயில் வரவில்லை.

"பின்னே இந்த வெள்ளை?" என்றேன், என்னுடையதையும் அவர்களுடையதையும் காட்டி.

"துணி. அழுக்குப் பட்டா தெரியும். அலக்கி வெளுக்கலாம்."

டிரைவர் கூப்பிட்டார். அடுப்பு பிடித்துவிட்டது, ஆனால் மேட்டில் வண்டியைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் தள்ளினார்கள், நகரவில்லை. கார்த்தியாயினியம்மை துணிப்பொட்டலத்தைக் காந்திமதியிடம் கொடுத்துவிட்டு, மேல்முண்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் பின்னால் கை வைத்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் போய்க் கை வைத்தேன். இந்த வயதில் பஸ் தள்ளுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வண்டி ஒரு உறுமல் உறுமி, எங்கள் முகத்திலேயே கரியை ஊதிவிட்டு ஏறியது. அவர்கள் முண்டும் கறுப்பு, என் சேலையும் கறுப்பு. இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து வீடு வந்தோம். வழியெல்லாம் காந்திமதி எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "என்ன நடந்துதுண்ணு எனக்கும் சொன்னா தேவலை" என்றாள். நாங்கள் சொல்லவில்லை.

மறுநாள் விளக்கு, இலை, பூ, எல்லாம் முன்பு வைத்த மாதிரியே வைத்திருந்தார்கள். தெரிந்துவிட்டதால் எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. அவர்கள் ஊர் வழக்கம் அவர்களுக்கு. என் கையின் பாவம் ஊர் மாறினால் மாறுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. பார்கவியிடம் சொன்னேன்: "பிள்ளை, உன் அம்மா சொல்லிவிட்டார்கள். நீ சொல்லு. வாழப்போகிறவள் நீ."

அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் கையா? இதுக்கு ஒரே ஒரு குறைதான். பலாவிலை மடிக்கத் தெரியாது" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சார் வெட்டலைன்னா நான் பழைய றவுக்கையோட நிப்பேன். வேற ஆரும் வெட்டண்டா" என்றாள்.

பட்டு நழுவாமலிருக்க ஈரத்துணியைப் பாயில் விரித்து அதன்மேல் பரப்பினேன். இழையோட்டம் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்திரியை வைத்தேன். புதுப்பட்டு வெட்டுகிறபோது ஒரு சத்தம் வரும், மெலிதாக, யாரோ காதோரம் 'ஸ்' என்று சொல்கிற மாதிரி. எத்தனையோ கல்யாணத் துணியில் அந்தச் சத்தத்தை நடுவிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். தொடக்கத்திலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மழை விட்டு, முற்றத்தில் வெயில். நான் சமையல் கட்டில் தேங்காய் துருவுகிறவர்களோடு உட்கார்ந்துகொண்டேன். கார்த்தியாயினியம்மை ஆள் அனுப்பவில்லை, தாமே வந்தார்கள். "சேச்சி இங்க இருந்தா கொக்கி அவிழ்ந்தா யாரு பாக்கும்?" என்றார்கள். அதுவரைக்கும் சார்தான், அன்றைக்குத்தான் சேச்சி, அக்கா. கொக்கி அவிழாது, நான் தைத்தது. அது அவர்களுக்கும் தெரியும். எழுந்து போனேன். விளக்கின் இந்தப் பக்கம் அவர்கள் நின்றார்கள், பக்கத்தில் நான். மாப்பிள்ளை புடவையை நீட்டினார். பார்கவி வாங்கினாள். கண்ணைத் துடைத்துவிட்டு நான் நிமிர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மாள் சொன்னது சரிதான், துணியை நீட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் பிற்காலத்தில் அந்தப் பெண்ணின் கழுத்திலிருந்து யாரும் அறுத்தெடுக்க அங்கே ஒன்றுமில்லை. அதை நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகப் பார்த்தேன்.

ஓணம் கழிந்து கிளம்பினேன். வகுப்பை இனிப் பார்கவியே நடத்துவாள். கல்யாணமாகியும் அவள் அம்மா வீட்டில்தானே இருக்கப்போகிறாள். என் கத்திரியை அவளிடம் விட்டுவந்தேன். எல்லாரும் சேர்ந்து எனக்கு ஓணப்புடவை கொடுத்தார்கள். வெள்ளைதான். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சரிகை. எங்கள் ஊரில் நான் உடுத்த முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. பெட்டியின் அடியில் வைத்தேன்.

திருநெல்வேலியில் இறங்கி, பெட்டியும் கையுமாக வெளியே வந்தேன். எதிரே ஒரு கல்யாணக் கோஷ்டி. பெண்ணழைப்புக்குப் போகிறவர்கள் போலிருக்கிறது. முன்னால் தாம்பாளம், பின்னால் பட்டுச்சேலைகள். எல்லாரும் நிறம் நிறமாக இருந்தார்கள். நான் ஒருத்திதான் வெள்ளை. என் கால் தானாகச் சுவரோரம் பார்த்தது. பழக்கம். நாற்பது வருஷப் பழக்கம் ஒரு மழைக்காலத்தில் போகாது.

ஆனால் கால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி முகத்தைச் சுளித்தது தெரிந்தது. யாராவது கேட்டால், பெட்டி கனம், நகர முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. பெட்டியும் அப்படியொன்றும் கனமில்லை.